ஒன்பது எண்டு சொன்ன மனிசன்

செத்த புருசன் விக்னராஜாவின் தலையணைக்கும் சவப்பெட்டிக்கும் நடுவில், அவரின் கூட்டாளி கொன்ஸ்ரன்ரைன் சொருகிய சாராயக் கால்போத்தலை அம்பிகை வெளியே இழுத்தாள்.

"என்னடா இது?"

"கோவிக்காதேங்கோ அக்கா. போன கிழமையும் ஆஸ்பத்திரியிலை ஒன்பது எண்டு சொன்னவராம். அண்ணை ஆசையோட போகக்கூடாது."

அம்பிகைக்குப் பத்திக்கொண்டு வந்தது. குடியை விடவைக்கிற அந்தப் பிரிவில் கிழமைக்குக் கிழமை தாதி இத்தாலியனில் கேட்பாள்: சைபரிலிருந்து பத்துக்குள், இன்றைக்குக் குடிக்கிற ஆசை எவ்வளவு? மகள் துசானி தமிழில் சொல்லுவாள். மற்றவர்கள் வெட்கத்துக்கு இரண்டு, மூன்று என்பார்கள். வெளியே வந்ததும் ஊத்துவார்கள். விக்னராஜா மட்டும் ஒளிக்காமல் ஒன்பது என்பார். பிறகு வுச்சீரியாச் சந்தையில் குடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நடுவால் நடந்து, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்பார்.

முந்தநாள் மொண்டெல்லோக் கடற்கரையில், ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது அவருக்கு மாரடைப்பு. காலமையிலிருந்து வந்த சனமெல்லாம் குடிதான் கொண்டுபோட்டுது என்று குசுகுசுத்தது.

"ஒன்பது அவற்றை ஆசையடா. விட்டதிலை இருந்து ஒரு சொட்டு குடிச்சவரோ? கண்டனியோ? சொல்லு!"

அவள் போத்தலைக் குசினித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

பெட்டியை மூடினார்கள். தூக்க வந்த ஆம்பிளைகளை அம்பிகை மறித்தாள்.

"ஊதுங்கோ."

"என்ன பிள்ளை?" என்றார் பூபாலசிங்கம். விக்னராஜாவின் பெரியப்பா அவர்.

"வாயை ஊதுங்கோ. குடிச்ச கை இந்தப் பெட்டியிலை படக்கூடாது."

ஒருத்தரும் ஊதவில்லை. ஒருத்தன் செருமினான். இன்னொருத்தன் சிகரெட் பத்தப் போகிறவன்போலப் படியிறங்கினான்.

"செத்தவீட்டிலை கொஞ்சம் எடுக்கிறதுதானே பிள்ளை," பூபாலசிங்கத்தின் குரல் இறங்கியது. "பொம்பிளையள் தூக்கிறேல்லை. பிறகு ஆர் தூக்கிறது?"

"நான் தூக்கிறன். அவர் குடியாமல் எப்பிடி நிண்டவர் எண்டு எனக்கெல்லோ தெரியும்!"

துசானி ஒன்றும் கேட்காமல் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மற்றப் பக்கம் வந்தாள். பின்பக்கத்தைச் சவப்பெட்டிக் கடையின் இத்தாலிக்காரர் இரண்டு பேர் பிடித்தார்கள். மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. முதல் வளைவிலேயே அம்பிகையின் கை சுவரில் உரசித் தோல் போனது. அவள் பிடியை விடவில்லை.

கீழே கொன்ஸ்ரன்ரைன் தெருக்கதவை இரண்டு கையாலும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி கடந்து போகும்வரை, மூச்சும் வெளியே வராமல் வாயை இறுக்கி மூடியிருந்தான்.