ஷாமினியின் வள்ளத்தை எப்படிக் கரையேற்றுவது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், றொக் இசைக்குழுக்களில் பேஸ் கிற்றார் வாசிப்பவர்களையும் அவர்களுக்கு அடையாளமாகிப்போன வாத்தியங்களையும் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். எனக்கு இசை தெரியாது. ஆனால் யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லவும் தெரியாது. மூன்று பக்கம் எழுதினேன். தந்தியை மாற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர், பெயின்ற் உரிந்து மரம் தெரிந்த பிறகும் பழசையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவர் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாரும் எங்கோ தூரத்து ஊர்க்காரர். ஒருவரோடும் நான் தேத்தண்ணி குடித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து 'தும்' என்று ஒரு சத்தம். மேசையில் கிடந்த கரண்டி அதிர்ந்தது. அட, பக்கத்து வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே! கட்டுரையைக் கிழித்துப்போட்டேன். (கணினியில் எழுதியதை எப்படிக் கிழிப்பது என்று கேட்கவேண்டாம். கதை என்றால் அப்படித்தான்.)

2

தொடக்கங்கள்:

"மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் ஷாமினி யன்னலோரம் நின்று—"

வேண்டாம். நான் எழுதும்போது எங்கள் ஊர் அரியாலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஷாமினி யன்னலோரம் நிற்கிற ஆளும் இல்லை.

"ஷாமினிக்கு இசைதான் உயிர்மூச்சு."

ஐயோ, வேண்டவே வேண்டாம். இதை வாசித்தால் மதிலேறி வந்து அடிப்பாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். ஷாமினி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டால் 'உப்புக்காற்று' என்ற றொக் குழுவில் பேஸ் வாசிக்கிறாள். அவளுடைய கிற்றார் கடல்நீலம். அதன் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றில், கொட்டை எழுத்தில், ஒரு மீன்பிடி வள்ளத்தின் பதிவு நம்பர். யாழ்ப்பாணத்துப் பெடியளில் பாதிப்பேருக்கு அவளுடைய பெயரே தெரியாது. அவள் மேடையேறினால் "வள்ளம்! வள்ளம்!" என்றுதான் கத்துவார்கள்.

3

அந்த நம்பர் வந்த கதையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். இங்கேயே வைக்கிறேன்.

கலியாணம் முடித்த வருசம் ஷாமினியின் பழைய கிற்றார் ஓட்டோவிலிருந்து விழுந்து உடம்பு பிளந்துபோயிற்று. செத்தவீட்டில் இருப்பதுபோல அதற்குப் பக்கத்தில் சாப்பிடாமல் இருந்தாள். கணவன் றெஜி குருநகரில் பைபர் கிளாஸ் வள்ளம் திருத்துகிறவர்.* அதைத் தூக்கிக்கொண்டு வேலைத்தலத்துக்குப் போனார். பிளவை ஒட்டி, வள்ளத்துக்குப் போடுவதுபோலவே தட்டுமேல் தட்டாகப் பைபர் போட்டார். அவருக்குத் தெரிந்தது அதுதான். எதைச் செய்தாலும் கடலடி தாங்கவேண்டும்.

பிறகு கிற்றாரிலுள்ள ஓட்டைகளை மட்டை வைத்து மறைத்து, நீலப் பெயின்ற் அடித்து, வள்ளங்களுக்குப் பக்கத்தில் காயவைத்தார். கழுத்தைக் கழற்றியிருந்ததால் பார்க்கிறவனுக்கு அது ஏதோ மூடி. அங்கே நம்பர் எழுதுகிறவர் யாகப்பு அண்ணை. ஒரு வள்ளக்காரன் தன் நீல எஞ்சின் பெட்டி மூடியிலும் நம்பர் எழுதச்சொல்லி வைத்திருந்தான். நீலமாய் ஒன்று காய்ந்து கிடந்தால் யாகப்பு அண்ணையின் கை சும்மா இருக்குமா?

பின்னேரம் வள்ளக்காரன் வந்தான்.

"அண்ணை, என்ரை மூடியிலை நம்பரைக் காணேல்லை."

"எழுதிப்போட்டனெல்லே! உந்தா, உதிலை காயுது."

"உது என்ரை மூடியில்லை, அண்ணை. உதுக்கு இடுப்பிருக்கு!"

றெஜி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நாளைக்கே அழிச்சுத் தாறன், ஷாமி. கோவிக்காதையும்" என்றார். ஷாமினி கழுத்தைப் பூட்டி, தந்தி ஏற்றி, ஒரு தட்டுத் தட்டினாள். முந்தி இல்லாத ஒரு சத்தம் வந்தது. தரைக்குள்ளால் போய் எங்கள் வீட்டுக் கரண்டியை ஆட்டுகிற சத்தம். அவள் மறுபடியும் தட்டினாள். பிறகு கிற்றாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உதிலை ஒருதரும் கை வைக்கக்கூடாது. நம்பரும் அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள்.

* றெஜியைப் பற்றி இன்னொன்று. நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கிற ஒரேயொரு அரியாலைக்காரர் அவர்தான். வேலைத்தலத்தில் தேத்தண்ணி நேரத்தில் கைத்தொலைபேசித் திரையில் எடுத்து யாகப்பு அண்ணைக்கு உரத்து வாசித்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்ததும் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி என்னை ஏசுவார்: "அக்கா, உங்கடை கதையளிலை ஒண்டிலையும் முடிவில்லை! வலையை வீசிப்போட்டு இழுக்காமல் வந்தால் என்ன அர்த்தம்?"

4

இனித்தான் எழுதக் கை கூசுகிறது.

கடலடி தாங்கச் செய்த கிற்றார் பாரம். சாதாரண பேஸ் கிற்றார் இரண்டைச் சேர்த்துத் தூக்கினால் வருகிற பாரம். அதை வாரில் மாட்டி இடது தோளில் தொங்கவிட்டுத்தான் ஷாமினி இத்தனை வருசமும் வாசித்தாள். இந்த வருசம் இடது கையின் சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைக்கத் தொடங்கின. முதலில் காலையில் மட்டும். பிறகு எந்த நேரமும்.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை கைநழுவி விழுந்து உடைந்தது. "கையிலை எண்ணெய் பூசிக்கொண்டே திரியிறீர்?" என்று பகிடி பண்ணிக்கொண்டே றெஜி துண்டுகளைக் கூட்டி அள்ளினார். அவளும் சிரித்தாள். கடைசி நிகழ்ச்சியில் தந்தி தட்டுப்படவில்லை. விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைக்கவேண்டியதாயிற்று. கையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்து வாசிக்கிறவள் அவள். ட்ரம்ஸ் அடிக்கிற பிரவீணன் மட்டும் அதைக் கண்டுபிடித்து, "என்னக்கா, புதுசாப் பழகுறீங்களோ?" என்று கேட்டான்.

டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "உந்தப் பாரத்தை இனியும் தோளிலை போட்டால் விரல் ரெண்டும் திரும்பி வராது, ரீச்சர். பிறகு எந்தக் கிற்றாரும் வாசிக்கேலாது."

நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது மதிலில் சாய்ந்தபடி இதைச் சொன்னாள்.

"அப்ப றெஜியிட்டைச் சொல்லன், பிள்ளை!"

"எப்பிடியக்கா சொல்லுறது? நீங்கள் ஆசையாச் செய்து தந்ததுதான் என்ரை கையைத் தின்னுதெண்டோ?"

(இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. கணக்கு ரீச்சருக்கு இது ஒரு கணக்கா? பாரமில்லாத ஒன்றை வாங்கவேண்டியதுதானே? அதையும் கேட்டேன். "வாங்கலாம். ஏனெண்டு கேப்பாரெல்லே" என்றாள்.)

அவளுடைய பயம் கிற்றாரைப் பற்றியது அல்ல. றெஜிக்கு இசையில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முன்வரிசை வலப்பக்க மூலையில் நிற்பார். பெடியள் "வள்ளம்!" என்று கத்தும்போது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவனைத் தட்டி, "அது நான் செய்தது" என்பார். மேடையிலிருந்து அவள் ஒவ்வொரு முறையும் அந்த உதட்டசைவைப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் மேடையேறுகிறாள் என்றுகூடச் சொல்லலாம். அந்த மனிசனிடம் போய் எப்படிச் சொல்வாள்? மதிலில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஈரச் சேலையால் துடைத்துக்கொண்டேன்.

5

முடிவுகள்:

முதலாவது. வருகிற சனிக்கிழமை முற்றவெளி மைதான நிகழ்ச்சிக்கு ஷாமினி இரவல் கிற்றாரோடு மேடையேறுகிறாள். சனம் "வள்ளம் எங்கை?" என்று கத்துகிறது. முன்வரிசை மூலையில் றெஜியின் முகம்—

அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது. பிரவீணன் போய் றெஜியிடம் சொல்கிறான். சரியாகத்தான் வந்தது. ஆனால் ஊரான் வாயால் கேட்டால் றெஜிக்கு நெஞ்சு வெடித்துவிடும். அழித்தேன்.

மூன்றாவது. யாகப்பு அண்ணை புனித யாகப்பருக்கு நேர்த்தி வைக்க, விரல்கள் சுகமாகின்றன. ஷாமினி மெதடிஸ்ற். புனிதர்களை நம்பாத ஒருத்திக்கு நான் அற்புதப் புதுமை நடத்திக் காட்டினால் இரண்டு கோயில்காரரும் என்னோடு கோவிப்பார்கள். அழித்தேன்.

குறுக்குக் கோடு போட்ட இந்த மூன்றோடும் கதை முழுவதையும் ஷாமினியிடம் கொடுத்தேன். என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு சொல் விடாமல் வாசித்தாள். புதுமையில் மட்டும் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து இன்னொருக்கா வாசித்தாள்.

"அக்கா, இதை அனுப்புங்கோ."

"முடிவில்லையே!"

"வேண்டாம். இப்பிடியே அனுப்புங்கோ. என்ரை பேரையும் மாத்தாதேங்கோ." கொஞ்ச நேரம் இடது கையை வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள். "என்ரை வாயாலை தொடங்கேலாது. அவர் வாசிப்பார்தானே."

6

நண்பரின் இதழ் வெள்ளிக்கிழமை வரும். முற்றவெளி சனிக்கிழமை.

ஆகவே, இவ்வளவு தூரம் கூட வந்த மற்ற வாசகர்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். எனக்கு ஒருவரோடு தனியாகக் கதைக்கவேண்டும்.

தம்பி றெஜி,

யாகப்பு அண்ணைக்கு உரத்து வாசித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் நிறுத்தும். அவர் கோவிக்கமாட்டார். அவர்தானே நம்பர் போட்டவர்.

கோப்பை விழுந்தது எண்ணெயால் இல்லை. அவள் உம்மைக் குற்றம் சொல்லவும் இல்லை. அந்தச் சத்தம் உம்முடைய கையிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் என் குசினியில் இருந்து சொன்னாள். அந்தக் கிற்றாரைக் கைவிடவும் மனமில்லை, உம்மை நோகடிக்கவும் மனமில்லை, விரலையும் இழக்கமுடியாது. பைபரைச் சுரண்டிப் பாரம் குறைப்பீரோ, புதுசொன்றுக்கு நீலம் அடிப்பீரோ, அதே நம்பரை யாகப்பு அண்ணையைக் கொண்டு மறுபடி எழுதுவிப்பீரோ, எனக்குத் தெரியாது. முடிவில்லை, முடிவில்லை என்று என்னை ஏசுவீரே. இந்த முறை முடிவு உம்முடையது.

வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போம். ஒன்றும் கேட்கவேண்டாம். அவளுடைய இடது கையைப் பிடித்துச் சின்ன விரலை அழுத்தும். நீர் அழுத்துவது அவளுக்குத் தெரியாது.

மிச்சத்தை அவள் சொல்லுவாள்.