கை தூக்காத ஆறு பேர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு தட்டு வாழைக்காய் வறுவலில். வறுத்தவள் மிர்லாண்ட், ஹைத்தியிலிருந்து எங்கள் சாண்டியாகோவுக்கு வந்து ஏழு வருடமாகிறது. தின்றவன் நான், வாரப் பத்திரிகையில் கொலை எழுதிப் பிழைப்பவன். இதில் கொலை இல்லை. அதனால்தான் எழுத வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

முதல் வரி இப்படி இருந்தது: 'திடீரென வானம் இருண்டது. தூரத்தில் ஒரு...'

(அடித்துவிட்டேன். அது மே மாத ஞாயிறு, பகல் ஒரு மணி, நல்ல வெயில். மழை இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்பதுதான் பிரச்சினையே.)

2

எங்கள் பேட்டையின் குடியிருப்போர் சங்கம் வருடத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையைத்தான் நகராட்சிக்கு அனுப்ப முடியும். ஏழாவது சந்தில் வடிகால் கிடையாது. ஜூன் பிறந்தால் எங்கள் ஊருக்குக் குளிர்காலம், மழை; தண்ணீர் நேராக மிர்லாண்ட் வீட்டுக்குள் போகும். மகளின் கட்டில் கால்களுக்குக் கீழே போன வருடம் மூன்று செங்கல்; இந்த வருடம் நான்கு. ஆகவே வடிகால் கேட்டு மனுக் கொடுத்தாள்.

சங்கத் தலைவி தோன்யா ஒர்தென்சியாவுக்கு (தோன்யா என்றால் எங்கள் ஊரில் 'அம்மா' மாதிரி) வேறு கனவு. பேட்டை முகப்பில் ஓர் அலங்கார வளைவு. 'உலக மக்களே, வருக!' பதினோரு மொழிகளில், விளக்குப் போட்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கௌரவிக்கவாம்.

வந்தவர்கள் வீட்டில் தண்ணீரை வரவேற்க ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. மனிதர்களுக்குத்தான் குறை.

3

ஒர்தென்சியாவை வில்லியாக்கப் பார்த்தேன். 'அவள் கண்களில் ஒரு குரூரமான...' அவள் கண்களில் இருந்தது கண்புரை. மூன்று குளிர்காலமாக மிர்லாண்டின் நனைந்த மெத்தையைத் தன் வீட்டு அடுப்பருகே காயவைத்துக் கொடுப்பவளும் அவள்தான். நல்லவர்களை வைத்துத் துப்பறியும் கதை எழுத முடியாது. எல்லாவற்றையும் பட்டப்பகலில், சிரித்துக்கொண்டே செய்துவிடுகிறார்கள்.

4

சாப்பாடு இல்லையென்றால் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஆள் வராது. வழக்கமாக ரொட்டிக்குள் சாசேஜ். அன்று 'பண்பாட்டுச் சங்கமம்' என்பதால் ஹைத்தியப் பெண்கள் ஆறு பேர் காலையிலிருந்தே சங்கத்துச் சமையலறையில்.

"மிர்லாண்ட், கண்ணு, அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய் இன்னும் கொஞ்சம் கொண்டாம்மா!"

"தோன்யா, வடிகால் விஷயம் எப்ப வருது?"

"வரும், வரும். மொதல்ல எல்லாருக்கும் வயிறு நெறையட்டும். நீங்க இல்லாம இந்தப் பேட்டையே இல்லடி, என் கறுப்புத் தங்கமே!"

"தங்கத்துக்கு நீச்சல் தெரியாதே தோன்யா."

கூடமே சிரித்தது. நானும்.

மிர்லாண்ட் ஊறுகாய் எடுக்க உள்ளே போனாள். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லார் வாயும் நிறைந்திருக்கிறது. சண்டை வராது, இதுதான் நல்ல நேரம் என்று ஒர்தென்சியா முடிவு செய்தாள். எங்கள் வழக்கப்படி கை தூக்கி ஓட்டு. எண்ணுவதற்கு நான். எண்ணுகிறவனுக்கு ஓட்டு இல்லை.

"யோவ் எழுத்தாளரே, சீக்கிரம் எண்ணுய்யா! தோள்பட்டை விட்டுப்போச்சு" என்றார் கசாப்புக்கடை நிபால்தோ. மறு கையில் வறுவல்.

வளைவுக்குப் பத்தொன்பது. வடிகாலுக்குப் பதினாறு.

அப்போதுதான் ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.* ஆளுக்கு இரண்டு தட்டு. 'வடிகால்' என்ற சொல் காதில் விழுந்ததும் மிர்லாண்ட் நின்றாள். தட்டை வைக்க இடம் தேடினாள். மேஜை முழுக்க அவர்கள் சமைத்ததே பரந்து கிடந்தது.

"தோன்யா, நாங்களும்..."

"ஆமாம்மா, நீங்களும் ஒக்காந்து சாப்பிடுங்க! அதான் முடிஞ்சிருச்சே."

* சங்க விதிப்படி பேட்டையில் குடியிருந்தால் போதும், ஓட்டு உண்டு. எந்த நாடு என்று கேட்க முடியாது. கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: தட்டுகள் தரையில் சிதறுகின்றன. ஆறு கைகள் உயர்கின்றன. இருபத்திரண்டு! ஒர்தென்சியா கண்ணீருடன்... (என் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்தது. அவர் தெருவில் வடிகால் இருக்கிறது.)

முடிவு இரண்டு: எண்ணியவன் நாற்காலி மேல் ஏறி, "நிறுத்துங்கள்! இன்னும் ஆறு பேர்..." (அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். ஏறவில்லை. வாய் நிறைய வறுவல்.)

6

ஆக, நடந்ததையே எழுதுகிறேன். இன்று திங்கள். வளைவு கேட்கும் தீர்மானத் தாள் என் மேஜையில் கிடக்கிறது. எண்ணியவன் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். நகராட்சியில் கொடுக்க இன்றே கடைசி நாள். வியாழனன்று மழை என்கிறது வானொலி.

கதவு தட்டும் சத்தம். (தொடர்கதைக்காரனுக்கு எப்போதும் உதவும் சத்தம். ஆனால் இது நிஜம்.) வாசலில் மிர்லாண்ட், செய்தித்தாளால் மூடிய தட்டோடு.

"நேத்து மிச்சம். இப்பத்தான் சூடு பண்ணுனேன். ரெண்டு கையாலயும் பிடிங்க, சுடும்."

பிடித்தேன்.

"நீங்கதானே எண்ணுனீங்க? எங்க ஆறு பேரையும் சேர்த்தீங்களா?"

'அது வந்து மிர்லாண்ட், விதிப்படி பார்த்தால்...' இல்லை. 'மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லி நான்...' அதையும் முடிக்க வரவில்லை. அவள் நகராமல் நிற்கிறாள். தட்டு சுடுகிறது. தாளில் கையெழுத்து இடம் காலி.

அடுத்த வரி உங்களுடையது. பேனா தாளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால், கையில் இருப்பதை எங்கேயாவது இறக்கி வையுங்கள். எனக்குத்தான் இன்னும் அது தோன்றவில்லை.