எரிந்துகொண்டேயிருந்த சிவப்பு

1

“சிவப்பு முதல்லயிருந்தே எரிஞ்சிச்சு. அதுல எது பிரேக் லைட் எண்டு நான் எப்பிடிக் கண்டுபுடிக்க?”

“கழுதைய முழு ரோட்டுமே கண்டிச்சு. உனக்கு மட்டும் தெரியல்லயா?”

இரண்டாவதாகக் கேட்பவர் ஹஸன் மச்சான். முதலில் பேசியவள் அவர் மனைவி, என் கூடப்பிறந்த ராத்தா, ஸுலைஹா. கதவோரம் நின்று கேட்ட இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் கதை வந்தது.

தில்லையடியிலிருந்து எத்தாளைக்குக் கல்யாண ஊர்வலம். மஹ்ரிப் தொழுகை நேரம், இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் மச்சானின் ஆட்டோ, அதற்குள் நான். பின்னால் ராத்தாவின் ஸ்கூட்டி. கழுதையொன்று குறுக்கே வர, மச்சான் பிரேக் பிடித்தார். பின்னால் ‘டொக்’ என்றது. தேங்காய் விழுந்ததென்று நினைத்தேன். ஸ்கூட்டியில் ராத்தாவின் முன்னால், கால்வைக்கும் பலகையில் நின்று வந்த அவர்கள் மகள் நிஸ்ரினின் கால் முறிந்திருந்தது. அவள் அழவேயில்லை. அதுதான்—

2

தொடக்கங்கள்:

‘அந்தி வானம் காயம்பட்ட மிருகம்போல—’ (வேண்டாம். எங்கள் கடலோரத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.)

‘கழுதைக்கு வீதி விதி தெரியாது—’ (மச்சானும் முதலில் கழுதையைத்தான் ஏசினார். பிறகு ராத்தாவை. சுகமானதும் பிள்ளை ராத்தாவிடமில்லை, மச்சானுடைய உம்மா வீட்டில்தான் வளரும் என்று சொல்லிவிட்டார். ராத்தா இப்போது தன்மேல்தான் பிழையென்று நம்பத் தொடங்கிவிட்டாள்.)

3

எங்கள் ஊரில் கல்யாண வண்டியென்றால் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு பல்ப் மாலை. மச்சான் பிரேக் விளக்கைச் சுற்றியும் கட்டியிருந்தார், அழகுக்காக.

கண்ணுக்குச் சிவப்பு ஒரு செய்தியல்ல. இல்லாத இடத்தில் திடீரென்று சிவப்பு வருவதுதான் செய்தி. எரியும் சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு எரிந்தால் மனம் அதைத் தேடியெடுக்க ஒரு கணம் பிந்தும். அந்தக் கணத்துக்குள் ஸ்கூட்டி

(முடிக்க முடியவில்லை. நிஸ்ரின் பக்கத்து அறையில் தூங்குகிறாள்.)

4

முடிவுகள்: மச்சான் மன்னிப்புக் கேட்கிறார். (நானே நம்பமாட்டேன்.) பிள்ளையைக் கொண்டுபோகிறார். (எழுத மாட்டேன்.)

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை எழுதியதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன்.

“கதப் புத்தகம் வாசிச்சு உனக்கு மண்ட கலங்கிட்டு,” என்று சிரித்தார்.

பிரேக் விளக்கு எரிந்தால் உடனே தெரியும் என்று காட்ட, மஹ்ரிபுக்குப் பிறகு, பல்ப் மாலையைக் கழற்றாத ஆட்டோவில் எல்லா விளக்கையும் போட்டு, என்னைச் சாரதி இருக்கையில் இருத்தினார். பின்னால் நடந்துபோய், வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்த காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் சிவந்து தெரிந்தது. கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் வந்து அவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

“நான் ரெடி,” என்றார் மச்சான். “இப்ப மிதி, புள்ள.”