கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்

தாக் யூரிமுக்கும் எனக்கும் ஆகாது. காரணம் கேட்டால் இருவரும் இரண்டு கதை சொல்வோம். என் கதை, போன வருடக் கணக்குப் பரீட்சையில் அவளைவிட நான் ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கினேன் என்பது. அன்றைக்குத் தொங்கிய முகம் அவளுக்கு இன்னும் நிமிரவில்லை. அவளைக் கேட்டால் பான் சோரா, அதாவது நான், திமிர் பிடித்தவள் என்பாள். அதுவும் பொய் இல்லை.

இப்படிப்பட்ட எங்களைத்தான் அறிவியல் எடுக்கும் குக் சார் சீட்டுக் குலுக்கி ஒரே குழுவில் போட்டார். கூடவே இன்னும் இரண்டு பேர். மா கியுதே வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலை தெரிந்தவன். பியோ நாரே, யூரிம் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவள். தலைவி யார் என்று கேட்டதுமே யூரிம் கையைத் தூக்கிவிட்டாள்.

பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்து, திரையில் பக்கம் பக்கமாகப் போட்டு விளக்க வேண்டும் என்பது குழு வேலை. கடைசிப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் மதிப்பெண். வேலை செய்யாமல் ஓசியில் வருகிறவர்களின் பெயரைத் தலைவி எடுத்துவிடலாம். அதில் தலையிட மாட்டேன் என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான். பஞ்சாயத்துக்குப் பயந்தவர்கள்.

எனக்கு அந்த மதிப்பெண் வேண்டும். அறிவியல் உயர்நிலைப்பள்ளிக்கு விண்ணப்பம் போடப் போகிறவள் நான். நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு அறிவியலில் A இல்லாமல் அந்தப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. எழுத்துத் தேர்வில் கொஞ்சம் சறுக்கியிருந்தேன். இது முழுசாக வந்தால்தான் கரையேறுவேன். யூரிமும் அதே பள்ளிக்குத்தான் குறி வைத்திருந்தாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யூரிம் எனக்குத் தகவல் தேடும் வேலையைத் தந்தாள். அது வேண்டுமென்றே செய்த அவமானம். குழு வேலையில் தகவல் தேடல் என்பது சோம்பேறிகளுக்குத் தள்ளிவிடுவது. தேடினால் முதலில் வருவதை வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டு, அவர்கள் தெருக்கடையில் காரமான தொக்பொக்கி சாப்பிடப் போய்விடுவார்கள். சரி, இதிலேயே உன் மூக்கை அறுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். விண்வெளி நிறுவனங்களின் ஆங்கிலப் பக்கங்களை அகராதியும் கையுமாகப் படித்தேன். நிலையத்திலிருந்து நேரலையில் வரும் படத்தில் நம் தீபகற்பம் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு போவதைப் பார்த்தேன். பார்த்ததும் கோபம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. எல்லாவற்றையும் தொகுத்து அரட்டைக் குழுவில் போட்டேன்.

அதில் ஒரு வரியைத்தான் யூரிம் பிடித்துக்கொண்டாள். நிலையம் இருக்கும் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு, அங்கே ஈர்ப்பு இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று மாற்றினாள். ஏன் என்று கேட்டேன். பத்து வலைப்பூக்களில் பார்த்தேன், பத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றாள். பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, எழுத்துப்பிழை முதற்கொண்டு ஒன்றுபோல இருக்கிறது, பார் என்றேன். அதற்கு அவள் போட்ட பதில் இது:

"ஊரே ஒண்ணு சொல்லுது, நீ மட்டும் பெரிய மேதையா? போய் வேலையப் பாருடி."

நாரே உடனே ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்குமேல் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. யூரிம் அனுப்பியதையெல்லாம் படித்தேன், பதில் போடவில்லை. எங்கள் மத்தியில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். படித்துவிட்டாள் என்று திரையில் தெரியும், பதில் மட்டும் வராது. அறைய வேண்டும் என்றுதான் செய்தேன்.

விளக்க வேண்டிய நாள் வந்தது. யூரிம் செய்தி வாசிப்பவளைப் போல நிமிர்ந்து நின்று பேசினாள். என் தகவல்கள், நான் தேர்ந்தெடுத்த படங்கள், நான் மொழிபெயர்த்த வரிகள். நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேசுகிறவர் மட்டும் முன்னால் போனால் போதும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கடைசிப் பக்கம் வந்தது. தலைமையும் விளக்கமும் தாக் யூரிம். வடிவமைப்பு பியோ நாரே. தகவல் தேடல் மா கியுதே.

மூன்று பெயர்தான். கியுதே செய்த ஒரே வேலை, பின்னணிக்கு நீலம் நன்றாயிருக்கும் என்று சொன்னது. தன் பெயரைப் பார்த்து அவனே திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினான். யூரிம் நேராக என்னையே பார்த்தாள், சிரிக்கக்கூட இல்லை. அந்தக் கணத்தில் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

யாருக்காவது கேள்வி உண்டா என்று சார் கேட்டார். எங்கள் வகுப்பில் கேள்வி நேரம் என்பது ஒரு நாடகம். எதைக் கேட்க வேண்டும் என்று தோழிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். ஒருத்தி எழுந்து, அங்கே கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்டாள். யூரிம் யோசிப்பதுபோல நடித்து, மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பெயர் இல்லாதவள் குழுவில் இல்லாதவள். குழுவில் இல்லாதவள் கேள்வி கேட்கலாம். கையைத் தூக்கினேன்.

"அங்க ஈர்ப்பே இல்லன்னு சொன்னீங்க. அப்ப அந்த நிலையம் ஏன் பூமியையே சுத்திக்கிட்டு இருக்கு? நேரா எங்கயாவது போயிடணுமே?"

குக் சார் பேனாவைக் கீழே வைத்தார். யூரிம் திரையைப் பார்த்தாள், நாரேயைப் பார்த்தாள். நாரே தரையைப் பார்த்தாள். யூரிமின் காது மடல் சிவந்தது. எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது.

"சார், அந்தத் தகவலத் தேடிக் குடுத்தது சோராதான்," என்றாள் யூரிம். "தப்பு இருந்தா அது அவளோடது."

சார் கடைசிப் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவதான் தேடினாளா? அப்ப அவ பேரு எங்க? இங்க வேற பேருல்ல இருக்கு?"

கியுதே மெதுவாக எழுந்து, தான் எதையும் தேடவில்லை என்று ஒப்புக்கொண்டான். அவன் அன்று முழுசாக விழித்திருந்தான் என்று நினைக்கிறேன். என் பெயரை இப்போதே, எல்லோர் முன்னாலும் சேர்க்கச் சொன்னார் சார். யூரிம் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பெரிய திரையில் என் பெயர் ஏறியது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரி, இப்ப நாலு பேரும் ஒரே குழு," என்றார் சார். "கேள்வி அப்படியே நிக்குது. உங்கள்ல யாராவது பதில் சொல்லுங்க. சொல்லலன்னா நாலு பேருக்கும் அந்த மதிப்பெண் கிடையாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓட்டை போட்ட படகில் என்னையே ஏற்றிவிட்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் யூரிம் மூழ்குவாள், நானும் மூழ்குவேன். பேசினால் இருவரும் கரையேறுவோம். அவள் கரையேறுவதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது. ஆனால் எனக்கு அந்த A வேண்டும். எழுந்து முன்னால் போனேன்.

ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது, தரையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்றேன். அதனால் நிலையம் எப்போதும் கீழே விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாக ஓடுவதால், அது விழ விழ, உருண்டையான பூமியும் அதற்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பவர்களும் நிலையத்தோடு சேர்ந்தே விழுகிறார்கள், அதனால்தான் மிதப்பதுபோலத் தெரிகிறது என்று சொல்லி முடித்தேன்.

நான் வாயை மூடியதும் யூரிம் ஓரடி முன்னால் வந்து, வகுப்பைப் பார்த்து அழகாகக் குனிந்து வணங்கினாள்.

"நல்ல கேள்விக்கு நன்றி. இதுதான் எங்க குழுவோட பதில்."

எல்லோரும் கை தட்டினார்கள். சார் முழு மதிப்பெண் போட்டார்.

மணி அடித்ததும் சாப்பாட்டு வரிசைக்குப் போகும் வழியில் அவளை மடக்கினேன். கடைசியில் என் பெயரை உன் கையாலேயே எழுதினாயே, எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் நிற்கக்கூட இல்லை.

"உன் பேர வாய் தவறிச் சொன்னேன்னா நெனச்சே? எனக்குப் பதில் தெரியல, உனக்குத் தெரியும். உன்ன உள்ள இழுத்தா நீ சொல்லித்தான் ஆகணும். A-க்கு அலையிறவதானே நீ."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு நாரேயோடு போய் உட்கார்ந்து சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

எனக்கு A வந்தது. அவளுக்கும் வந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.