பாப்பா தூங்கல டாட் காம்

மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. இணையத்தில் மக்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரம் போடக் கம்பெனிகள் எவ்வளவு போட்டி போடுகின்றன என்றெல்லாம் பார்த்து, ஒரு டொமைன் பெயர், அதாவது இணையதள முகவரி, என்ன விலைக்குப் போகும் என்று சொல்வாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனாருக்கு அந்த வேலைமேல் ஒரு கண். பின்னால் விற்கலாமென்று அவரும் பெயர்களாக வாங்கிப் போட ஆரம்பித்தார். சவரம் செய்யும்போது ஏதாவது தோன்றும். பாதி முகத்து நுரையோடு அவள் மேசைக்கு வந்துவிடுவார்.

“ஏம்மா, ‘சொகுசுச் சக்கரம் டாட் காம்’, எப்படி?”

அவள் தட்டிப் பார்ப்பாள். ஈ காக்கா தேடியிருக்காது.

“பேரு அழகா இருக்கு மாமா...” என்று இழுப்பாள்.

“அழகா இருக்குன்னா தேறாதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டே மீதி முகத்தை மழிக்கப் போவார்.

ஒருநாள் மத்தியானம் பாப்பா வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தது. பகலில் கண் மூடுவதென்றாலே அதற்கு ஆகாது. இடுப்பில் குழந்தை, கணினி ஹெட்போனில் மேலதிகாரி என்று தவித்தவளிடமிருந்து மாமனார் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தவர் கண்ணில், மேசைமேல் கிடந்த அவளுடைய போன் பட்டது. அவள் தேடியிருந்தது: பாப்பா தூங்கல.

சாயங்காலம் மெல்ல வந்து நின்றார்.

“கோச்சுக்காதம்மா. இன்னொண்ணு வாங்கிட்டேன்.”

பெயரைக் கேட்டதும் அவள் முகம் சிவந்தது. “என்னைக் கிண்டல் பண்றீங்களா மாமா?”

“ஐயோ, இல்லம்மா. நீயே தேடுறேன்னா உன்னை மாதிரி எத்தனை பேரு கண்ணு எரிய உக்காந்து தேடுவாங்க? பாரேன்.”

பார்த்தாள். மாதாமாதம் ஆயிரக்கணக்கானோர். பாப்பா தூங்கல, பாப்பா தூங்க மாட்டேங்குது, பாப்பா ஏன் தூங்கல. மெத்தைக் கம்பெனிகளும் தொட்டில் கம்பெனிகளும் விளம்பரத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஆங்கில எழுத்தில் அதைப் பலவிதமாக எழுதலாம் என்பதால் மதிப்பைச் சற்றுக் குறைத்தாள். அப்படியும் நல்ல விலை. ஆனால் அவள் விலையை யோசிக்கவில்லை. தன் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை நாள் மருகியிருந்தாள். இத்தனை அம்மாக்களா! கண் கலங்கிவிட்டது.

“என்னம்மா, இதுவும் அழகா இருக்கா?” என்றார் பயந்துபோய்.

“இல்ல மாமா. அழகே இல்ல. நல்லா விக்கும்.”

ஒரு தொட்டில் கம்பெனியே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. பேரம் பேசியது அவள்தான். முடிகிற நேரத்தில் மாமனார் போனைப் பிடுங்கி, “அப்படியே ஒரு தொட்டிலும் அனுப்பிடுங்க” என்றார்.

தொட்டில் வந்தது. பாப்பா அதில் முதுகை வைக்க மறுத்துவிட்டதால் மடிக்காத துணிகள் அதில் குடியேறின.

வேலை முடிந்து வந்த மகன் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “தூங்கிட்டாளா?” என்றான்.

“உஷ்!” என்றார் மாமனார். மடியில் கொட்டக் கொட்ட விழித்திருந்த பாப்பா அவர் மூக்குக்கண்ணாடியை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் சோபாவைக் காட்டினார். “உன் பொண்டாட்டி இப்பத்தான் தூங்குறா. செருப்பைக் கழட்டிட்டு மெதுவா வா.”