அக்காவுக்கு ஏற்ற ஜன்னல்

போன செவ்வாயிலிருந்து என் அக்கா பங்கஜவல்லி ஒரு பிளாஷ் மெமரி சில்லில் இருக்கிறாள். சில்லு கட்டைவிரல் நகம் அளவு. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பசியில்லை என்கிறாள்.

ஐந்து மணிக்குள் அவளைக் கணினியின் தலைமை நிரலான கெர்னலின் அலுவலகத்தில் பதிந்து சேர்க்க வேண்டும். சேராத சில்லுக்கு மின்சாரம் கிடையாது, பேச்சும் நின்றுவிடும். சில்லுக்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று பேசும் டிரைவர் நிரல்களை இருபது வருடமாக எழுதுகிறேன். அப்படியும் எந்த ஜன்னலில் நிற்பதென்று தெரியாமல் அலைந்தேன்.

நேரம் பார்க்கப் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தைக் கக்கத்தில் இடுக்கி வந்திருந்தேன். சித்திரையில் அவர் கடிகாரமாகிவிட்டார்.

"மூணே கால்," என்றார்.

முதல் ஜன்னலில் 'பிளாக்' என்று பலகை. கூட்டமே இல்லை.

"ஹார்ட் டிஸ்க் மாதிரிதானே? குடுங்க சார். எத்தன தடவ வேணாலும் அழிச்சு எழுதலாம்," என்றார் உள்ளே இருந்தவர்.

சோம்பேறித்தனம்தான். கொடுத்துவிட்டேன். சோதித்துப் பார்க்க அக்காவின் வயதை ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டாக்கினார். இந்தச் சில்லில் ஒரு சொல்லை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் அந்தச் சொல் இருக்கும் அறை முழுவதும் போய்விடும்.

"யாருங்க நீங்க?" என்றாள் அக்கா.

தம்பி இருக்கிறான் என்பது வேறு அறையில் பத்திரமாக இருந்தது. என் முகமும் குரலும் வயதோடு ஒரே அறையில் இருந்திருக்கின்றன.

அவளைப் பிடுங்கிக்கொண்டு இரண்டாம் ஜன்னலுக்கு ஓடினேன். 'எம்.டி.டி.' என்று பலகை. அங்கே சில்லைச் சில்லாகவே நடத்துவார்கள். நான் ஓட ஓடத் தாழ்வாரம் நீண்டது.

"நாலே முக்கால்," என்றார் ஏகாம்பரம்.

"கெட்டுப்போன அறை எத்தன?" என்றார் எழுத்தர் அம்மாள்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் அக்கா. பெண் பார்க்க வந்தபோது காது மந்தத்தையும் இப்படித்தான் மறைத்தாள்.

"பதினொண்ணு," என்றேன்.

"பன்னண்டு. இன்னிக்கு அழிச்ச அறையும் கெட்டுடுச்சு." இனி யாரும் எழுதக் கூடாதென்று பன்னிரண்டிலும் முத்திரை குத்தினார். "கூட வந்திருக்கறது யாரு?"

கடிகாரத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரர்."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை என் பேராக அக்காவின் சில்லில் எழுதினார்.

"அம்மா, நான் தம்பி! அவருதான் பக்கத்து வீடு!"

"எழுதியாச்சே. அந்த அறையில இருந்த ஒரே காலிப் பக்கம் அது. மாத்தணும்னா அந்த அறைய முழுசா அழிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்குங்க."

பார்த்தேன். அக்காவின் கணவர், செத்துப்போன மாமா, சவரம் செய்துகொண்டே சிரிக்கிறார். அவர்களுக்குப் பிறந்து மூன்று நாள் மட்டும் இருந்த குழந்தை இருக்கிறது. எடை இரண்டு கிலோ நூறு.

"சீக்கிரம் சொல்லுங்க. அழிக்கட்டுமா?"

"அஞ்சு," என்றார் ஏகாம்பரம்.

"வேணாம்," என்றேன். அம்மாள் சில்லைத் திருப்பித் தந்ததும் ஜன்னல் மூடியது. அக்கா சேர்ந்துவிட்டாள்.

திரும்பும்போது தாழ்வாரம் இன்னும் நீளமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரரே, என் தம்பி கோதண்டம் வருவான். நான் இல்லேன்னா உங்க வீட்டுல கொஞ்சம் உக்கார வைங்க. பசி தாங்க மாட்டான்."

"சரிங்க," என்றேன்.