புளியறை தாண்டாத வண்டிகள்

1

இந்தக் கதை ஒரு தப்பான புரிதலில் பிறந்தது. அப்படிப் புரிந்துகொண்டவள் ஜெஸி. கேரள எல்லையில், புளியறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருந்தாள். என் மனைவி. போன சித்திரையில் போய்விட்டாள். கதைக்குள் அவள் புருஷனுக்கு ஸ்டான்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் என்றால் எழுத வருகிறது. நான் என்றால் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மனித உடலின் ஒவ்வொரு உயிரணுவும் இரண்டாகப் பிரியுமுன்…' வேண்டாம். பாடப்புத்தக வாசனை.

இரண்டாவது:

"டாக்டரம்மா, மார்புல இருந்த கட்டி எலும்புக்கு எப்படிப் போச்சு? யாரு வழி சொல்லிக் குடுத்தா?" என்று தென்காசி ஆஸ்பத்திரியில் ஜெஸி கேட்டாள்.

டாக்டர் வித்யாலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க எந்த ஊரு அக்கா?"

"புளியறை."

"அப்பொ சொல்லுதது சுலபம். உடம்புக்குள்ளயும் செக்போஸ்ட் இருக்கு."

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியப் போகும்போது சில புரதங்கள் அதை மறித்துச் சோதிக்கின்றன. சரியாக இருந்தால் விடும். பழுது இருந்தால் சரிசெய்யச் சொல்லும். சரிசெய்யவே முடியாதென்றால் செத்துப்போ என்று அந்த அணுவிடமே சொல்லும். அதுவும் செத்துப்போகும்.

[இங்கே பேனாவை மூடிவிட்டு ஒரு டீ போட்டேன். மற்ற அணுக்களுக்காக ஓர் அணு இவ்வளவு அடக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது, நமக்குள்ளேயே, நாம் டீ குடிக்கும்போதுகூட.]

"ஒங்களுக்கு அங்கன காவல் ஆள் தூங்கிட்டான். இந்த மாத்திரை கேட்டை இறக்கும். மூணு வாரம் போடணும், ஒரு வாரம் விடணும்" என்றார் டாக்டர்.

3

ஸ்டான்லி தலையாட்டினான். ஜெஸி ஆட்டவில்லை. கேட் தூக்கியதும் லாரிகள் எப்படி முண்டிக்கொண்டு போகும் என்று தினமும் பார்த்தவள். ஓய்வு வாரத்திலும் மாத்திரையை விழுங்கினாள்.

"ஏட்டி, இந்த வாரம் கெடையாதுன்னாங்கள்லா?"

"ஒரு வாரம் செக்போஸ்டைப் பூட்டிட்டு எல்லாரும் குத்தாலத்துக்குக் குளிக்கப் போவாங்களாக்கும்? சும்மா கெடங்க."

காய்ச்சலில் விழுந்தாள். ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. டாக்டர் சத்தம் போட்டார்.

"அக்கா, வாற லாரியெல்லாம் கள்ளச் சரக்கா? காய்கறி வண்டி போவாண்டாமா? கேட்டை இறக்கியே வச்சா கேரளாக்காரன் என்னத்தத் திம்பான்?"

ஜெஸி படுத்தபடியே சொன்னாள்: "என் புரோட்டாவைத் திம்பான்."

டாக்டரால் கோபத்தைத் தொடர முடியவில்லை. நல்ல அணுக்களும் பிரிந்துதான் பெருகுகின்றன. மாத்திரை அவற்றையும் மறிக்கும். ஓய்வு வாரம் அவற்றுக்கு வழி விடுவதற்கு.

[அந்தத் தவறால்தான் அவள் போனாளா என்று கேட்பீர்கள். இல்லை. தேறி எழுந்தாள். பிறகு ஓய்வு வாரம் வந்தால் ஐந்தருவிக்குப் போய், கூட்டத்தில் இறங்காமல், சாரலில் மட்டும் நின்றுவிட்டு வருவாள். "வெள்ளை வண்டியெல்லாம் போவட்டும்" என்பாள், வெள்ளணுக்களை நினைத்து. இரண்டு குற்றால சீசன் அந்த மாத்திரை அவளைக் கடையில் நிற்க வைத்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, நன்றாக இருக்க வேண்டும்.]

4

பிறகு கெட்ட அணுக்கள் வேறு வழி கண்டன. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெஸிதான் தேற்றினாள்.

"மெயின் ரோட்டை அடச்சா காட்டுப்பாதைல போவத்தான் செய்வான். அதுக்கு நீங்க என்ன செய்வீங்க டாக்டரம்மா? அழாதீங்க."

இந்த வரியில் நான் எதையும் கூட்டவில்லை.

5

முடிவு அ: புது மருந்து வருகிறது, அவள்… அடித்துவிட்டேன். ஆ: ஆஸ்பத்திரிக் கட்டில். நடந்தது அதுதான். ஸ்டான்லி, சரி, நான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு… முடியவில்லை. இ எழுதினேன், ஈ எழுதினேன். ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகியது. அப்போதுதான் பயம் வந்தது. நிற்கத் தெரியாமல் பெருகுவது என்னவென்று அவளோடு உட்கார்ந்து கேட்டவன் நான். போ என்றதும் போய்விடுகிற அணுவின் பண்பு எனக்கு வாய்க்கவில்லை.

அதனால் கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்காமல் உங்களிடம் தருகிறேன். மனம் வரும்போது வையுங்கள்.

விடிகாலையில் ஜெஸி கடைத் தட்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு, மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்து, "ஏங்க, இங்கன வாங்களேன்" என்று திரும்பி